இன்லே வரைபடத்தில் கோடு சேர்ப்பது: கேள்வி பதில்

ஒரு மரத்தில் குழி வெட்டி, அதே வடிவத்தில் வேறு நிற மரத்துண்டை வெட்டி உள்ளே பதிப்பதுதான் இன்லே. குழிக்கும் துண்டுக்கும் மூலம் ஒரே கோடு. கோடுகளைச் சேர்ப்பதில் வந்த கேள்விகளுக்கு, கணினி சொல்லும் பாதையில் மரத்தை வெட்டும் சி.என்.சி. ரவுட்டரில் செய்து பார்த்துத் தெரிந்துகொண்டதை வைத்துப் பதில் சொல்கிறேன்.

கேள்வி: அண்ணா, திரையில் பார்த்தால் வடிவம் முழுசாக மூடித்தான் இருக்கிறது. ஆனால் பாக்கெட் டூல்பாத் போட்டால் ஓப்பன் வெக்டார் என்று சொல்கிறதே?

வெக்டார் என்பது கணினியில் வரைந்த கோடு, முனைகள் சேராமல் நின்றால் அது ஓப்பன் வெக்டார். பாக்கெட் டூல்பாத் என்பது குழி வெட்டக் கருவி போகும் பாதை. திரையில் தெரிவது கோட்டின் தடிமன், தம்பி. இரண்டு முனைகளுக்கு நடுவே 0.02 மி.மீ. விட்டிருந்தாலும் அந்தத் தடிமன் அதை மறைத்துவிடும். பாக்கெட் வெட்ட, உள்பக்கம் எது, வெளிப்பக்கம் எது என்று மென்பொருளுக்குத் தெரிய வேண்டும். ஒரு முனை விட்டிருந்தாலும் அது தெரியாது.

டூல்பாத் போடும் மென்பொருள்களான வீகார்வ், ஆஸ்பயர் இரண்டிலும் திறந்த வெக்டார்களை மட்டும் தேர்ந்தெடுக்கும் வசதி இருக்கிறது. முதலில் அதைப் போட்டு, எத்தனை துண்டு நிற்கிறது என்று எண்ணுங்கள். பிறகு கோட்டின் புள்ளிகளை (நோடுகளை) திருத்தும் நோட் எடிட்டுக்குப் போய், ஒவ்வொரு முனையையும் திரை நிறையும் அளவுக்குப் பெரிதாக்கிப் பாருங்கள். மூன்றில் ஒன்று தெரியும்: முனைகள் தொடாமல் நிற்கும், ஒன்றையொன்று தாண்டிப் போயிருக்கும், அல்லது ஒரே கோடு இரண்டு முறை ஒன்றின் மேல் ஒன்றாகக் கிடக்கும். மூன்றுக்கும் வைத்தியம் வேறு வேறு. எது என்று பார்க்காமல், முனைகளைச் சேர்க்கும் ஜாயின் பட்டனைத் தொடாதீர்கள்.

கேள்வி: ஜாயின் செய்யும்போது டாலரன்ஸ் எவ்வளவு வைக்கலாம் சார்? நான் 1 மி.மீ. வைக்கிறேன், எல்லாம் ஒரே தடவையில் மூடிவிடுகிறது.

அப்படி மூடுவதுதான் எனக்குப் பயம். டாலரன்ஸ் என்பது எவ்வளவு இடைவெளி வரை மென்பொருள் தானாகச் சேர்க்கலாம் என்ற அளவு. 0.01 மி.மீ.யில் ஆரம்பியுங்கள். மூடாதவை மிஞ்சினால் 0.05 வரை போகலாம். அதற்கும் மேல் கேட்கிற இடைவெளி வரைந்ததில் நேர்ந்த பிழை. அதை டாலரன்ஸால் மறைக்காமல், வரைபடத்திலேயே கையால் திருத்த வேண்டும்.

ஒருமுறை எட்டு முனை நட்சத்திரம் ஒன்றை வி-பிட்டில் (கூம்பு நுனியுள்ள வெட்டுக்கருவி) செதுக்கினேன். ஒரு முனையில் மட்டும் இரண்டு கோடுகளும் சந்திக்க வேண்டிய இடத்தைத் தாண்டி, கத்தரிக்கோல் விரித்த மாதிரி 0.3 மி.மீ. நீண்டிருந்தன. நான் டாலரன்ஸைக் கூட்டி, நேர்கோட்டால் சேர்க்கச் சொன்னேன். மென்பொருள் அந்த இரண்டு நுனிகளையும் ஒரு குட்டிக் கோட்டால் சேர்த்தது. கணக்குப்படி வடிவம் மூடிவிட்டது, எச்சரிக்கை ஒன்றும் வரவில்லை. ஆனால் முனையில் மீன்வால் மாதிரி ஒரு சிறு முக்கோணம் உண்டாகியிருந்தது. வி-பிட் கூர்முனைக்கு வந்ததும் மேலே எழும்பி முடிய வேண்டும். இங்கே எழும்பிய பிறகு, மீன்வாலுக்காக இன்னொரு முறை இறங்கியது. முனைக்கு அப்பால் ஊசி குத்தியது போல ஒரு புள்ளி. பசை போட்டு, மட்டம் செய்து, எண்ணெய் பூசிய பிறகுதான் அது என் கண்ணில் பட்டது. மற்ற ஏழு முனைகளும் அத்தனை சுத்தமாக இருந்ததால் இன்னும் உறுத்தியது.

தாண்டிய கோடுகளை டிரிம் கருவியால் வெட்டும் புள்ளி வரை நறுக்கிவிட்டுப் பிறகு சேருங்கள். எட்டாத கோடுகளை எக்ஸ்டெண்ட் செய்து (நீட்டி) சந்திக்க வைத்துச் சேருங்கள்.

கேள்வி: இங்க்ஸ்கேப் வரைகலை மென்பொருளில் இரண்டு முனைகளையும் தேர்ந்தெடுத்து ஜாயின் கொடுத்தாலும் ஒன்றும் நடப்பதில்லை.

இரண்டும் தனித்தனிப் பாதைகளாக இருக்கும். முதலில் இரண்டையும் தேர்ந்தெடுத்து கன்ட்ரோல்-கே அழுத்தி ஒரே பாதையாக்குங்கள். பிறகு நோட் கருவியில் அந்த இரண்டு முனைகளை மட்டும் தேர்ந்தெடுத்து ஷிஃப்ட்-ஜே. இன்னொன்று: நிறம் நிரம்புகிறதே, அதனால் மூடியிருக்கிறது என்று நம்பாதீர்கள். இங்க்ஸ்கேப் திறந்த பாதைக்கும் நிறம் நிரப்பும்.

கேள்வி: ஓர் இலை வரைந்திருக்கிறேன். பாதி வெளிர் மரம், பாதி கருமரம், நடுநரம்பு இரண்டுக்கும் பொது. ஜாயின் போட்டால் ஒரு பக்கம் மட்டும் மூடுகிறது, மறுபக்கம் திறந்தே இருக்கிறது.

நல்ல கேள்வி அக்கா, பலர் இந்த இடத்தில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். நரம்பின் இரண்டு நுனியிலும் மூன்று மூன்று முனைகள் சந்திக்கின்றன. ஒரு முனை ஒன்றோடுதான் சேர முடியும். மென்பொருள் ஏதோ ஒரு ஜோடியைச் சேர்த்துவிட, மூன்றாவது தனியாக நிற்கிறது.

இலையின் வெளிவிளிம்பை, நரம்பு தொடும் இரண்டு புள்ளிகளிலும் ஸ்னாப் (புள்ளியில் தானாக ஒட்டும் வசதி) வைத்துச் சரியாக வெட்டுங்கள். நரம்பை அதே இடத்திலேயே பிரதி எடுத்து, இடப்பாதியையும் ஒரு நரம்பையும் ஒரு லேயரிலும், வலப்பாதியையும் மற்ற நரம்பையும் வேறு லேயரிலும் வையுங்கள். ஒரு லேயரை மறைத்துவிட்டு மற்றதைச் சேருங்கள். அப்போது ஒவ்வொரு புள்ளியிலும் இரண்டே முனைகள்தான் இருக்கும்.

பதிக்கும்போது இரண்டையும் ஒன்றாகப் பதிக்க வேண்டாம். முதல் பாதியை நரம்புக் கோட்டுக்கு அப்பால் 1 மி.மீ. நீட்டிப் பதித்து, பசை காய்ந்து மட்டம் செய்த பிறகு இரண்டாம் பாதியின் குழியை வெட்டுங்கள். அந்தக் குழி முதல் துண்டையும் கொஞ்சம் சீவிக்கொண்டு போகும், நடுவில் சந்து விழாது. நரம்புக் கோடு துல்லியமாக இருக்க வேண்டியது இரண்டாம் பாதிக்கு மட்டும்தான்.

கேள்வி: வேறொருவர் அனுப்பிய டி.எக்ஸ்.எஃப். வரைபடக் கோப்பு. முனைகள் அச்சாகப் பொருந்துகின்றன, பெரிதாக்கியும் பார்த்துவிட்டேன். ஆனாலும் சேரவே மாட்டேன் என்கிறது.

மேலிருந்து பார்க்கும்போது பொருந்தும், ஆனால் கோடுகள் வேறு வேறு உயரத்தில் கிடக்கலாம். உயரத்தைக் காட்டும் இசட் மதிப்பைப் பாருங்கள். ஒன்று 0, இன்னொன்று 0.5 என்று இருந்தால் அதுதான் காரணம். ஆட்டோகேடில் ஃபிளாட்டன் கட்டளையால் எல்லாவற்றையும் ஒரே தளத்துக்குக் கொண்டுவாருங்கள். பிறகு ஓவர்கில் கட்டளையால் இரட்டைக் கோடுகளை நீக்குங்கள். அதற்குப் பின்தான் ஜாயின். அளவையும் சோதியுங்கள்: வடிவம் 25.4 மடங்கு பெரிதாகவோ சிறிதாகவோ வந்தால் அங்குலமும் மில்லிமீட்டரும் கலந்திருக்கின்றன. அளவைத் திருத்திய பிறகு சேருங்கள். அளவு தப்பாக இருந்தால் நீங்கள் வைக்கும் டாலரன்ஸும் தப்பாகிவிடும்.

கேள்வி: வளைவில் சேர்த்த இடம் மட்டும் சிறு முழங்கை மாதிரி உடைந்து தெரிகிறது.

முனைகள் சேர்ந்துவிட்டன, திசை சேரவில்லை. அந்த நோடை ஸ்மூத் வகைக்கு மாற்றுங்கள், வளைவின் திசையைக் காட்டும் இரண்டு பக்கக் கைப்பிடிகளும் ஒரே நேர்கோட்டில் வரும். பக்கத்தில் தேவையில்லாத நோடு இருந்தால் அழித்துவிடலாம்.

கேள்வி: எல்லாம் மூடிய வெக்டார்தான். ஆனாலும் துண்டு குழிக்குள் இறங்கவில்லை. துண்டின் கோட்டைக் கொஞ்சம் சுருக்கலாமா?

வேண்டாம் தம்பி. சுருக்கினால் இடைவெளி எல்லாப் பக்கமும் ஒரே அளவாக வராது, நீண்ட பக்கம் அதிகமாகச் சுருங்கும். ஒரே கோட்டை வைத்துக்கொண்டு, இளக்கத்தை டூல்பாத்தின் அலவன்ஸில் (கோட்டிலிருந்து கருவி விலகி வெட்டும் அளவு) கொடுங்கள். நேர்ச்சுவர் இன்லேக்கு 0.05 முதல் 0.1 மி.மீ. வரை கொடுத்து, கழிவு மரத்தில் முதலில் வெட்டிப் பாருங்கள். மூலைகளையும் கவனியுங்கள்: 3 மி.மீ. விட்டமுள்ள எண்ட் மில் (உருளை வடிவ வெட்டுக்கருவி) குழியின் உள்மூலையில் 1.5 மி.மீ. ஆரம் விட்டுவிடும். துண்டின் வெளிமூலை கூராக இருந்தால் அங்கேதான் முட்டும்.

வி-பிட் இன்லே என்றால் சுவர் சாய்ந்திருக்கும். 60 டிகிரி பிட்டில் துண்டு ஒவ்வொரு பக்கமும் 0.1 மி.மீ. தடித்துவிட்டால், அது சுமார் 0.17 மி.மீ. உயர்ந்து நிற்கும். துண்டின் வெக்டாரைக் கண்ணாடிப் பிம்பமாகத் திருப்ப மறக்காதீர்கள். ஆனால் சேர்ப்பது, நறுக்குவது, நோடு திருத்துவது எல்லாவற்றையும் முடித்த பிறகே பிரதி எடுத்துத் திருப்புங்கள். பிரதி எடுத்த பின் ஏதாவது பிழை கண்ணில் பட்டால் பிரதியை அழித்துவிட்டு, மூலத்தில் திருத்தி, மறுபடி எடுங்கள். குழியில் ஒரு முறை, துண்டில் ஒரு முறை என்று தனித்தனியாகத் திருத்திய கோடுகள் ஒன்றோடொன்று பொருந்தி நான் பார்த்ததில்லை.