மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் ஆராய்ச்சியில் ஸ்டீபன் ஹவுசர் செய்தது என்ன?

மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் (எம்.எஸ்.) என்பது உடலின் நோய் எதிர்ப்புச் சக்தியே மூளையையும் தண்டுவடத்தையும் தாக்கும் நோய். நரம்பு இழைகளைச் சுற்றி மையலின் என்ற கொழுப்பு உறை இருக்கிறது. மின்சார ஒயரின் பிளாஸ்டிக் உறை போல என்று வைத்துக்கொள்ளுங்கள். அது அங்கங்கே உரிந்துபோனால் மூளையின் கட்டளை தடுமாறும், தாமதமாகும், சில சமயம் போய்ச் சேராது. அதனால்தான் ஒருவருக்குப் பார்வை மங்குகிறது, இன்னொருவருக்குக் கால் மரத்துப்போகிறது.

சரி, உறையை உரிப்பது யார்? டி செல்கள் என்ற நோய் எதிர்ப்பு வெள்ளை அணுக்கள்தான் என்று பல ஆண்டுகள் நம்பினார்கள். அமெரிக்க நரம்பியல் மருத்துவர் ஸ்டீபன் ஹவுசர், மார்மொசெட் என்ற சின்னக் குரங்குகளிடம் செய்த ஆய்விலிருந்து பி செல்கள் என்ற இன்னொரு வகை வெள்ளை அணுக்களைச் சந்தேகித்தார். பெரும்பாலானோர் ஏற்கவில்லை. இருந்தும் அவர் விடவில்லை; அந்தப் பிடிவாதத்தை நான் பெரிதும் மதிக்கிறேன்.

பி செல்களை அழிக்கும் ரிட்டுக்ஸிமாப் மருந்தை 104 நோயாளிகளிடம் சோதித்த முடிவு 2008இல் வெளியானது. இரண்டு வார இடைவெளியில் இரண்டே முறை இரத்தக் குழாய் வழியாக ஏற்றினார்கள். மருந்து பெறாதவர்களோடு ஒப்பிட்டால், ஸ்கேனில் தெரியும் புதிய அழற்சிப் புள்ளிகள் 91 சதவீதம் குறைந்திருந்தன! இதன் வழியில் வந்த ஓக்ரெலிஸுமாப் மருந்துக்கு 2017இல் அமெரிக்கா அனுமதி தந்தது.

இம்மருந்து எம்.எஸ்.ஸை முழுவதும் குணமாக்கும் என்று சிலர் நினைக்கிறார்கள். அது புதிய தாக்குதல்களைத்தான் குறைக்கும், ஏற்கெனவே அழிந்த நரம்பு இழைகளை மீட்டுத் தராது.