டர்போ ஹோஸ் கிழிந்தால்: வழியில் கட்டும் கட்டு எதுவரை தாங்கும்?

வாகனப் பகுதி: வாசகர் கேள்வி பதில்

டீசல் வண்டிகளில் எஞ்சினுக்குக் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போவின் ஹோஸ் (ரப்பர் குழாய்) கிழிவது பற்றி நெல்லை, தென்காசிப் பக்கங்களிலிருந்து வந்த கேள்விகளை இம்முறை ஒன்றாக எடுத்துக்கொண்டிருக்கிறோம். டர்போவோடு இணைந்த குழாய்கள் எல்லாம் ஒரே வகையானவை அல்ல. ஒன்றில் கட்டுப் போட்டு ஊர் திரும்பலாம், மற்றொன்றில் அதே கட்டு எஞ்சினையே அழித்துவிடும். ஆகவே, கையில் டேப்பை எடுப்பதற்கு முன், கிழிந்தது எந்தக் குழாய் என்று அறிவதே முதல் வேலை.

கேள்வி: ஐயா, பாவூர்சத்திரம் சந்தையிலிருந்து கொல்லத்துக்குக் காய்கறி ஏற்றிச் செல்லும் பிக்கப் வண்டி என்னுடையது. அண்மையில் ஓர் இரவு, புளியரை எஸ் வளைவைத் தாண்டி ஏறும்போது ‘டப்’ என்று சத்தம் கேட்டது. அதன்பின் வண்டியில் இழுவையே இல்லை, கரும்புகை தள்ளியது. பின்னால் வந்த லாரி ஓட்டுநர் அண்ணாச்சி ஒருவர் பார்த்துவிட்டு, டர்போ ஹோஸ் கிழிந்திருக்கிறது என்று சொல்லி, சைக்கிள் டியூபை வெட்டிச் சுற்றிக் கட்டினார். ஆரியங்காவு சேர்வதற்குள் அதுவும் பிய்ந்துவிட்டது. இப்படி வழியில் நின்றால் என்ன செய்வது, வண்டியில் எதை வைத்திருக்க வேண்டும்? (வாசகர், பாவூர்சத்திரம்)

பதில்: அந்த அண்ணாச்சி நோயைச் சரியாகவே கண்டுபிடித்திருக்கிறார். கட்டிய பொருள்தான் அந்த இடத்துக்குப் பொருந்தவில்லை. டர்போ அழுத்தித் தள்ளும் காற்று முதலில் இன்டர்கூலருக்குப் போய்ச் சூடு தணிந்து, பிறகு எஞ்சினுக்குள் நுழைகிறது. டர்போவிலிருந்து இன்டர்கூலர் வரை உள்ள ஹோஸைச் சூட்டுப் பக்கம் என்றும், இன்டர்கூலரிலிருந்து எஞ்சின் வரை உள்ளதைக் குளிர்ந்த பக்கம் என்றும் வைத்துக்கொள்ளுங்கள். மேட்டில் பாரத்தோடு ஏறும்போது உள்ளே வெளிக்காற்றைவிட ஏறத்தாழ 1 பார் (சுமார் 14.5 பி.எஸ்.ஐ.) அளவுக்கு அழுத்தம் கூடுதலாக இருக்கும். சில எஞ்சின்களில் அதற்கும் மேல் போகும். 5 சென்டிமீட்டர் உள்விட்டமுள்ள ஹோஸ் ஒன்றின் முனையை அந்த அழுத்தம் ஏறக்குறைய 20 கிலோ எடைக்குச் சமமான விசையோடு வெளியே தள்ளுகிறது. காற்றை அழுத்தும்போதே அது சூடேறுவதால், சூட்டுப் பக்கத்தில் 100 முதல் 150 டிகிரி செல்சியஸ் வரை வெப்பம் இருப்பது இயல்பு. இதோடு எஞ்சின் மூச்சுக்குழாய் (எஞ்சினின் அடிப்பகுதியில் சேரும் ஆயில் ஆவியை வெளியேற்றும் குழாய்) வழியே வரும் எண்ணெய்ப் படலமும் உட்புறத்தில் எப்போதும் கசிந்திருக்கும். அழுத்தம், சூடு, எண்ணெய் ஆகிய மூன்றையும் ஒன்றாகத் தாங்கும் பொருளே அங்கே நிற்கும். சைக்கிள் டியூபுக்குள் நூல் இழை கிடையாது என்பதால் அழுத்தத்தில் உப்பிப் புடைக்கும், சூட்டில் தளரும். சாதாரண பி.வி.சி. இன்சுலேஷன் டேப்பின் பசை சூட்டில் உருகி வழுக்கிவிடும். எம்-சீல் போன்ற பசைகள் இறுகியதும் கட்டையாகிவிடுவதால், எஞ்சினோடு சேர்ந்து ஆடும் ரப்பரின்மேல் நிலைப்பதில்லை.

நீங்கள் வாங்கி வைக்க வேண்டியது தன்மேல் தானே ஒட்டிக்கொள்ளும் சிலிக்கான் டேப். அதில் பசை கிடையாது. இழுத்துச் சுற்றும்போது ஒரு சுற்று அடுத்த சுற்றோடு ஒன்றாகிவிடும். தரமானது 200 டிகிரிக்கு மேலும் தாங்கும். வாங்கும்போது ஓர் எச்சரிக்கை தேவை. கிணற்று சப்மெர்சிபிள் மோட்டாரின் கேபிள் ஜாயின்ட்டுக்குச் சுற்றும் கறுப்பு ரப்பர் டேப்பும் இதேபோல இழுத்து ஒட்டும் வகைதான் என்றாலும், அது தொடர்ந்து தாங்குவது 90 டிகிரி அளவுக்குத்தான். எண்ணெயும் அதற்கு ஆகாது. குளிர்ந்த பக்கத்தில் ஓர் அவசரத்துக்கு அதைப் பயன்படுத்தலாமே தவிர, சூட்டுப் பக்கத்துக்கு அது உதவாது. கடைக்காரரிடம் சிலிக்கான் என்று கேட்டு, அட்டையில் அச்சிட்டிருக்கும் வெப்ப அளவைப் படித்துப் பார்த்து வாங்குங்கள்.

கட்டும் முறை இது. வண்டியைச் சாலையை விட்டு ஒதுக்கி, சக்கரத்துக்குக் கல் கொடுத்து, எஞ்சினை அணைத்து, அரை மணி நேரமாவது ஆற விடுங்கள். பின்பு ஹோஸின் வெளிப்புறத்தை எண்ணெய்ப் பசை முற்றிலும் போகும்வரை துணியால் துடையுங்கள். ஈரமோ எண்ணெயோ இருந்தால் டேப் ஒட்டுவதற்குப் பதிலாக நழுவும், பெரும்பாலான கட்டுகள் அவிழ்வதற்கு இந்த ஒரு சோம்பல்தான் காரணம். கிழிசலுக்கு இரு பக்கமும் நான்கு விரல் தள்ளித் தொடங்கி, டேப்பை அதன் நீளத்தைப் போல் இரண்டு மடங்குக்கு இழுத்தபடியே, ஒவ்வொரு சுற்றும் முந்தைய சுற்றின் பாதியை மூடுமாறு, மூன்று அடுக்காவது சுற்ற வேண்டும். டேப் காற்றைத்தான் அடைக்கும், வலிமையை வேறொன்று தர வேண்டும். எனவே அதன்மேல் பழைய தண்ணீர் ஹோஸிலிருந்து நீளவாக்கில் பிளந்தெடுத்த ஒரு துண்டையோ கித்தான் துண்டையோ போர்த்தி, இரு ஓரத்திலும் நடுவிலும் திருகுக் கிளிப் போட்டு இறுக்குங்கள். கிளிப்பை வெறும் டேப்பின் மேலேயே இறுக்கினால் அதன் பல் டேப்பை அறுத்துவிடும்.

கிழிசல் ஹோஸின் நேரான பகுதியில், சுற்றுவாக்கில் விழுந்திருந்தால் இதைவிட உறுதியான வழி ஒன்று உண்டு. கிழிந்த இடத்தில் ஹோஸை நேராக வெட்டி, உள்விட்டத்துக்குச் சரியாகப் பொருந்தும் இரும்பு அல்லது அலுமினியக் குழாய்த் துண்டை உள்ளே நுழைத்து, இரு பக்கமும் கிளிப் போட்டுவிடலாம். சைலன்சர் வேலை செய்யும் பட்டறையில் அத்தகைய துண்டு கிடைக்கும். வெட்டிய ஓரத்தைப் பிசிறில்லாமல் அரத்தால் ராவி, உட்புறத்தையும் துடைத்த பிறகே பொருத்த வேண்டும், ஏனெனில் அங்கே தங்கும் இரும்புத் தூள் நேரே எஞ்சினுக்குள் போகும். ஹோஸ் கிழியாமல் முனையிலிருந்து கழன்று மட்டும் இருந்தால் டேப்பே தேவையில்லை. இரு பக்கத்திலும் எண்ணெயைத் துடைத்துவிட்டு, முழுவதும் உள்ளே தள்ளிக் கிளிப்பை இறுக்கினால் போதும். முனையோரத்திலேயே பிளந்திருந்து ஹோஸில் நீளமும் மிச்சம் இருந்தால், பிளந்த பகுதியை வெட்டிவிட்டு மறுபடி மாட்டலாம்.

கட்டு முடிந்ததும் வண்டி பழையபடி இழுக்கும். அந்த நம்பிக்கைதான் அடுத்த மேட்டில் மறுபடியும் கட்டை அவிழ்க்கும். எஞ்சின் சுற்றை 2,000 ஆர்.பி.எம்.-க்குள் வைத்து, ஆக்சிலரேட்டரை அரை மிதிக்கு மேல் அழுத்தாமல், மேடு வருமுன்பே கியரைக் குறைத்துச் செல்லுங்கள். உங்கள் நிலையில் நான் சொல்லக்கூடியது, பாரத்தோடு மேலே ஏறாதீர்கள் என்பதுதான். எஸ் வளைவிலிருந்து செங்கோட்டைக்கு இறக்கம். இறங்கும்போது டர்போவுக்கு வேலை அநேகமாக இல்லை. பிரேக் மிதியை இலகுவாக்கும் வெற்றிடத்தை டீசல் வண்டியில் தனி பம்ப் உண்டாக்குவதால், காற்று ஹோஸ் கிழிந்ததனால் பிரேக் குறையாது. இறங்கி வந்து சரக்கை வேறு வண்டிக்கு மாற்றிவிட்டால், வாடகை கொஞ்சம் கையைக் கடித்தாலும் டர்போ பிழைக்கும். கசிவோடு முக்கி ஏறும் வண்டியில், இழந்த அழுத்தத்தை ஈடுகட்ட டர்போ அளவுக்கு மீறிச் சுழல்வதும், காற்றுக்கு மிஞ்சிய டீசல் எரிவதால் சைலன்சர் பக்கத்துச் சூடு ஏறுவதும் சேர்ந்து நிகழ்கின்றன.

பி.எஸ். 6 (புகைக் கட்டுப்பாட்டு விதி) வண்டி வைத்திருப்போர் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 2020 ஏப்ரல் முதல் விற்கப்படும் இந்த வண்டிகளில் பலவற்றில் புகைக்கரியைப் பிடித்து வைக்கும் வடிகட்டி இருப்பதால், ஹோஸ் கிழிந்தாலும் கரும்புகை வெளியே தெரியாமல் போகலாம். புகை இல்லையே என்று ஓட்டிக்கொண்டிருந்தால் அந்தக் கரி முழுவதும் வடிகட்டியில் சேர்ந்து அடைக்கும். அதை மாற்றும் செலவு ஹோஸ் விலையைப் போல் பல மடங்கு.

கேள்வி: எங்கள் வேன் திசையன்விளையிலிருந்து தேரிக்காட்டுப் பாதைகளில் முருங்கைக்காய் ஏற்றப் போகிறது. ஏர் ஃபில்டருக்கும் டர்போவுக்கும் நடுவில் உள்ள மடிப்பு ஹோஸில் வெடிப்பு விட்டிருக்கிறது. வண்டி நன்றாக இழுக்கிறது, புகையும் இல்லை. துணி சுற்றி ஓட்டலாமா? (வாசகர், திசையன்விளை)

பதில்: கூடாது. வண்டி நன்றாக இழுப்பதுதான் இதில் உள்ள ஆபத்து. டர்போவுக்குப் பிந்தைய ஹோஸில் வெடிப்பு விழுந்தால் காற்று வெளியே பீறிடும். ஆகவே பாரத்தில் ஓடும்போது தூசி உள்ளே வர அநேகமாக வழியில்லை, கட்டிய டேப் பிய்ந்தாலும் அது வெளியேதான் பறக்கும். நீங்கள் சொல்வது டர்போவுக்கு முந்தைய உறிஞ்சு ஹோஸ். அங்கே வெடிப்பு வழியாக வெளிக்காற்று, ஃபில்டரைக் காணாமலே, உள்ளே இழுக்கப்படுகிறது. இழுவைக்குக் குறைவு வராததற்குக் காரணமும் அதுவே. தேரியின் செம்மணல் காற்றில் எழும் நிலத்தில் அந்த மணல் முதலில் போய் மோதுவது நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கும் மேல் சுழலும் டர்போ சக்கரத்தின் இதழ்களில். அதைக் கடந்தது பிஸ்டன் வளையங்களையும் சிலிண்டர் சுவரையும் உப்புத்தாள் போலத் தேய்க்கும். பிறகு எஞ்சின் எண்ணெய் குடிக்கத் தொடங்கும், அந்தத் தேய்மானத்துக்குத் தற்காலிக வைத்தியம் எதுவும் இல்லை. சுற்றிய துணியின் ஓர் இழை உள்ளே போனாலும் சேதம் டர்போவுக்கே.

வண்டி ஊருக்குள்ளேயே நிற்பதால், புது ஹோஸ் வரும்வரை எடுக்காமல் இருப்பதே சரி. நடுவழியில் இதைக் கண்டால் மட்டும், முதல் பதிலில் சொன்ன சிலிக்கான் டேப்பை வெளிப்புறத்தில் மடிப்புகளுக்குள் பதியுமாறு இழுத்துச் சுற்றி, தார்ச்சாலை வழியாகவே, முன்னால் போகும் வண்டியின் தூசிக்கு எட்ட நின்று, பட்டறைக்குக் கொண்டு சேருங்கள். டேப்பின் நுனியோ கிழிந்த ரப்பர்த் துணுக்கோ ஹோஸின் உட்பக்கம் தொங்கவே கூடாது. புது ஹோஸ் மாட்டுவதற்கு முன், டர்போ வாயில் விரல் விட்டுத் துடைத்து, விரலில் செம்மண் ஒட்டுகிறதா என்று மெக்கானிக்கைப் பார்க்கச் சொல்லுங்கள். ஒட்டினால் எஞ்சின் ஆயிலையும் அப்போதே மாற்றிவிடுவது நல்லது.

கேள்வி: ஏற்றத்தில் ‘புஸ்’ என்று ஓசை வருகிறது, இழுவை குறைவு. நிறுத்திப் பார்த்தால் எந்த ஹோஸிலும் கிழிசல் தெரியவில்லை. மெக்கானிக் டர்போவையே மாற்ற வேண்டும் என்கிறார். (வாசகர், நாங்குநேரி)

பதில்: டர்போவை மாற்றச் சம்மதிப்பதற்கு முன் காற்று அடைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். வண்டி நின்ற இடத்தில் ஓடும்போது டர்போ அழுத்தம் ஏறக்குறைய இல்லாததால், பாரத்தில் மட்டும் வாய் திறக்கும் கிழிசல் அப்போது மூடிக்கொண்டிருக்கும். சோதனைக்கான கருவியைச் சில நூறு ரூபாய்க்குள் பட்டறையிலேயே செய்துவிடலாம். டர்போவின் உறிஞ்சு வாய்க்குப் பொருந்தும் பி.வி.சி. மூடி ஒன்றில் துளையிட்டு, டியூப்லெஸ் டயரின் வால்வைப் பொருத்தி, அதை ஒரு ரப்பர்த் துண்டும் கிளிப்பும் கொண்டு டர்போ வாயில் மாட்டி, மெல்லக் காற்றடிக்க வேண்டும். 15 பி.எஸ்.ஐ.-க்கு மேல் போக வேண்டாம். மூடிக்கு நேர் எதிரே முகத்தை வைக்கவும் வேண்டாம். எஞ்சினின் மூச்சுக்குழாய் அந்தப் பாதையில் இணைந்திருந்தால் அதை முதலில் பிரித்து அடைத்துவிட வேண்டும், இல்லையேல் காற்று எஞ்சினின் அடிப்பகுதிக்குள் புகுந்து ஆயில் சீல்களை வெளியே தள்ளும். பிறகு எல்லா இணைப்பிலும் சோப்பு நீரைத் தடவினால், குமிழி எங்கே எழுகிறதோ அங்கே கசிவு. ஹோஸின் அடிப்பக்கம், தாங்கியில் உரசும் இடம், இன்டர்கூலரின் பிளாஸ்டிக் ஓரம் ஆகிய மூன்றையும் குறிப்பாகப் பாருங்கள். ஒரே ஹோஸ் அடிக்கடி கிழிகிறது என்றால், எஞ்சின் மவுன்டிங் ரப்பர் தேய்ந்து எஞ்சின் ஆடும் ஆட்டத்தில் ஹோஸ் இழுபடுகிறதா என்பதையும் பார்க்க வேண்டும்.

கேள்வி: அறுவடை நேரத்தில் நெல் மூட்டை அருகே நிறுத்தியிருந்த வண்டியில், பென்சில் பருமனுள்ள ஒரு சிறு ரப்பர் குழாயை எலி கடித்துவிட்டது. அன்றிலிருந்து டர்போ வேலை செய்யவில்லை. (வாசகர், அம்பாசமுத்திரம்)

பதில்: அது பெரும்பாலும் டர்போவின் கட்டுப்பாட்டு அமைப்புக்குச் செல்லும் வெற்றிடக் குழாயாக இருக்கும். கடிபட்டது முனையில் என்றால், அந்த அளவை வெட்டிவிட்டு மீண்டும் செருகினால் வேலை முடிந்தது. நடுவில் என்றால், அதே உள்விட்டத்துக்கு ஏற்ற சிறிய பித்தளைக் குழாய்த் துண்டை உள்ளே வைத்து இணைக்கலாம். சில வண்டிகளில் பிரேக் உதவிக்கான வெற்றிடமும் இந்தக் குழாய்க்கு வெற்றிடம் தரும் அதே பம்பிலிருந்து பிரிந்து வருகிறது. ஆகவே எஞ்சின் ஓடும்போதே பிரேக் மிதி கட்டையாக இருந்தால், குழாயைச் சரிசெய்யும்வரை வண்டியைச் சாலைக்கு எடுக்காதீர்கள்.

கேள்வி: டர்போவுக்கு ஆயில் போகும் மெல்லிய ஹோஸில் சொட்டுகிறது. வள்ளியூரிலிருந்து நாகர்கோவில் வரை போக, டேப் சுற்றினால் போதுமா? (வாசகர், வள்ளியூர்)

பதில்: சுற்ற வேண்டாம், வண்டியை எடுக்கவும் வேண்டாம். அதில் ஓடுவது எஞ்சினின் அழுத்தத்தோடு வரும் சூடான ஆயில், அதற்குப் பக்கத்திலேயே இருக்கும் டர்போவின் சைலன்சர் பக்கத்து வார்ப்பு, பாரத்தில் 600 டிகிரியையும் தாண்டிச் சூடேறக்கூடியது. கட்டு அவிழ்ந்து ஆயில் அதன்மேல் பீய்ச்சினால் தீப்பற்றும். தீப்பற்றாவிட்டாலும், ஆயில் படலத்தின் மேல் மிதந்து சுழலும் டர்போ அச்சு ஆயில் குறைந்த சிறிது நேரத்திலேயே இறுகிவிடும். புது ஹோஸை வண்டி நிற்கும் இடத்துக்கே வரவழைத்து மாற்றுங்கள், அல்லது வேறு வண்டியில் கட்டி இழுத்துச் செல்லுங்கள். ஹோஸை மாற்றிய பின் ஆயில் அளவைப் பார்த்து நிரப்பி, முதல் சில நிமிடங்கள் ஆக்சிலரேட்டரைத் தொடாமல் எஞ்சினை ஓட விடுங்கள்.