பழைய கொம்பியூட்டருக்கு எவ்வளவு காசு போடலாம்?

கேள்வி: எங்கள் வீட்டில் 2014இல் வாங்கிய டெஸ்க்டொப் கொம்பியூட்டர் இருக்கிறது. இன்டெல் கோர் ஐ3, நாலாம் தலைமுறை. 4 ஜிபி ராம், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் 10. மகன் உயர்தரத்தில் ஐசிரி படிக்கிறார். மகளுக்கு ஸூமில் ரியூசன் வகுப்பு. ஓன் பண்ணினால் வேலைக்கு வருவதற்குள் வகுப்பே தொடங்கிவிடுகிறது. இரண்டு கடைகளில் விசாரித்தேன். ஒருவர், "இது இனிச் சரிவராது, புதுசு எடுங்கோ" என்று 165,000 ரூபாய் சொன்னார். மற்றவர் கிராபிக்ஸ் கார்ட் போட்டால் வேகம் வரும் என்கிறார். என்னிடம் 40,000 ரூபாய்தான் இருக்கிறது. என்ன செய்யலாம்? — ஒரு தாய், கொக்குவில்

பதில்: கிராபிக்ஸ் கார்ட் கதையை முதலில் விட்டுவிடுங்கள். அது கேம் விளையாடுபவர்களுக்கும் வீடியோ எடிட்டிங், முப்பரிமாண வேலை செய்பவர்களுக்கும் வேண்டியது. ஸூம் வகுப்புக்கும் ஐசிரி பாடத்தில் பைதன் புரோகிராம் எழுதுவதற்கும் உங்கள் புரொசசருக்குள்ளேயே இருக்கும் கிராபிக்ஸ் போதும். கார்ட் போட்டாலும் கொம்பியூட்டர் இதே நேரம் எடுத்துத்தான் எழும்பும்.

புதிது வாங்கவும் இப்போது அவசரம் இல்லை. உங்கள் கொம்பியூட்டரைப் பிடித்து இழுப்பது அநேகமாக அந்த ஹார்ட் டிஸ்க்தான். நம்பிக் காசு போடுவதற்கு முன் மகனை இதைச் செய்யச் சொல்லுங்கள்: ஓன் பண்ணியதும் கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மனேஜர் வரும். அதில் பெர்ஃபோமன்ஸ் என்ற பக்கத்தைத் திறந்து, டிஸ்க் என்ற இடத்தைச் சில நிமிடங்கள் பார்க்கட்டும். சிபியு, அதாவது புரொசசர், 20, 30 வீதத்தில் நிற்க, டிஸ்க் 100 வீதத்தில் ஒட்டிக்கொண்டு நின்றால் சந்தேகமே வேண்டாம்.

காரணம் இதுதான். ஹார்ட் டிஸ்க்கின் உள்ளே ஒரு தட்டு நிமிடத்துக்கு 7,200 தடவை சுற்றுகிறது. ஒரு சிறு ஃபைலை வாசிக்கவும் அதன் முனை நகர்ந்து, தட்டு சுற்றி அந்த இடத்துக்கு வரும்வரை காத்திருக்க வேண்டும். அந்தக் கணக்கில் ஒரு வினாடிக்கு நூறு சில்லறை வாசிப்புகள் கிடைத்தாலே பெரிது. விண்டோஸ் 10 எழும்பும்போது ஆயிரக்கணக்கில் சிறு ஃபைல்களைக் கேட்கிறது. ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாக இப்போது போடும் எஸ்எஸ்டியில் சுற்றுகிற பாகம் எதுவும் இல்லை. அதே சில்லறை வாசிப்புகளை வினாடிக்குப் பல்லாயிரம் செய்யும். பத்து வருடத்துக்கு மேல் பழைய கொம்பியூட்டரையும் அரை நிமிடத்தில் எழுப்பிவிடுவது இது ஒன்றுதான். ஆகவே காசு முதலில் போகவேண்டிய இடம் எஸ்எஸ்டி.

கடையில், "2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டி" என்று சொல்லிக் கேளுங்கள். எம்.2 என்ற, சூயிங்கம் பட்டை மாதிரியான ஒன்றையும் காட்டுவார்கள். உங்கள் காலத்து மதர்போர்ட்டுகளில் (எல்லாப் பாகங்களும் செருகும் உள் பலகை) அநேகமாக அதற்கு இடம் இருக்காது. 240 அல்லது 256 ஜிபி போதும், ஏனென்றால் பழைய ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி எறியப் போவதில்லை. விண்டோஸும் புரோகிராம்களும் எஸ்எஸ்டியில், படங்களும் வீடியோக்களும் பழையதில். ஆனால் பழைய டிஸ்க் எந்த நாளும் போகலாம். கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச புரோகிராமைப் போட்டுப் பாருங்கள். நீலத்தில் 'குட்' என்று வந்தால் சரி. மஞ்சளில் 'கோஷன்' என்று வந்தால் வேறு எந்த வேலைக்கும் முதல் குடும்பப் படங்களை வெளியே எடுத்து வைத்துவிடுங்கள். கேள்விப்படாத பெயரில், நம்ப முடியாத மலிவு விலையில் 2 டிபி (ஏறக்குறைய 2,000 ஜிபி) எஸ்எஸ்டி என்று ஒன்லைனில் விற்பதைத் தொடவேண்டாம். அவற்றில் பல, உள்ளே சிறு மெமரி கார்ட்டை வைத்து அளவைப் பொய்யாகக் காட்டுபவை. நிரம்பத் தொடங்கியதும் ஃபைல்கள் அழிந்துபோகும்.

பூட்டுவதற்குக் கூலி கொடுக்கவேண்டியதில்லை, ஐசிரி படிக்கிற பிள்ளை வீட்டில் இருக்கிறாரே. பிளக்கைக் கழற்றி, பவர் பட்டனை ஒருமுறை அழுத்தி மிச்ச மின்சாரத்தைப் போகவிட்டு, பக்கத் தகட்டைத் திறக்கலாம். இரண்டு வயர்கள்தான்: பவர் சப்ளையிலிருந்து வரும் அகலமானது ஒன்று, மதர்போர்ட்டுக்குப் போகும் ஒடுக்கமானது மற்றது. ஒடுக்கமான சாட்டா கேபிள் எஸ்எஸ்டியோடு பெரும்பாலும் வராது, கேட்டு வாங்குங்கள். மதர்போர்ட்டில் சாட்டா துளைகள் இரண்டு நிறத்தில் இருந்தால் பக்கத்தில் அச்சிட்டிருப்பதைப் பாருங்கள். எச்81 வகை போர்ட் என்றால் இரண்டு துளைகள் 6 ஜிகாபிட், மற்ற இரண்டும் 3 ஜிகாபிட். வேகம் கூடிய 6 உள்ளதில் எஸ்எஸ்டியைச் செருகவேண்டும். திறந்த கையோடு தூசியையும் எடுத்துவிடுங்கள். மென்மையான தூரிகை போதும். ஃபானை மட்டும் விரலால் பிடித்துக்கொண்டு துடைக்கவேண்டும்.

அடுத்தது ராம், அதாவது ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராம்களைத் தற்காலிகமாக வைத்திருக்கும் மெமரி. 4 ஜிபியில் குரோமும் ஸூமும் ஒன்றாக ஓடும்போது மூச்சுத் திணறும். 8 ஜிபி ஆக்குங்கள். டாஸ்க் மனேஜரில் மெமரி என்ற பக்கத்தில் எத்தனை துளை, எத்தனை நிரம்பியிருக்கிறது என்று தெரியும். ஒன்று வெறுமையாக இருந்தால் இன்னொரு 4 ஜிபி போதும். உங்களுடையது டிடிஆர்3 என்ற பழைய வகை ராம். டிடிஆர்4 அதில் பொருந்தவே பொருந்தாது. 2025 கடைசியிலிருந்து மெமரி சிப்புகளின் விலை உலகம் முழுக்க ஏறிவிட்டதால், பாவித்த ராமைத் தேடுவதில் பிழையில்லை. ராமில் தேய்கிற பாகம் இல்லை, ஆகவே பாவித்ததை நம்பி வாங்கக்கூடிய ஒரு சில சாமான்களில் அது ஒன்று. ஒரு கவனம் மட்டும்: ஏஎம்டி புரொசசர் உள்ள போர்ட்டுகளுக்கு மட்டும் என்று ஒரு வகை டிடிஆர்3 மலிவாக விற்கிறது. அது இன்டெல் போர்ட்டில் வேலை செய்யாது. பழைய ராமைக் கையில் கொண்டுபோய்க் காட்டி, மாற்றித்தருவதாகப் பற்றுச்சீட்டில் எழுதி வாங்குங்கள்.

இன்னும் ஒன்று. உங்கள் விண்டோஸ் 32 பிட் என்றால் 4 ஜிபிக்கு மேல் எவ்வளவு ராம் போட்டாலும் அது பயன்படுத்தாது. செட்டிங்ஸில் சிஸ்டம், அபவுட் என்று போனால் தெரியும். எஸ்எஸ்டியில் விண்டோஸைப் புதிதாகப் போடும்போது 64 பிட் போட்டுவிடுங்கள்.

விண்டோஸ் விஷயத்தில்தான் கொஞ்சம் யோசிக்கவேண்டும். விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14 உடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11க்கு இன்டெல்லில் எட்டாம் தலைமுறையாவது வேண்டும். உங்களுடையது நாலு. கடைக்காரர் குறுக்கு வழியில் 11ஐப் போட்டுத்தரலாம், ஆனால் அப்படிப் போட்டதற்கு அப்டேட் தொடர்ந்து வரும் என்று மைக்ரோசொஃப்ட் உறுதி தருவதில்லை. விண்டோஸ் அப்டேட் பக்கத்தில் நீடித்த பாதுகாப்பு அப்டேட்டுக்குப் பதிந்தால் 2026 ஒக்டோபர் 13 வரை பாதுகாப்புத் திருத்தங்கள் கிடைக்கும். மைக்ரோசொஃப்ட் கணக்கில் நுழைந்து செட்டிங்ஸை பக்அப் செய்தால் அதற்குக் காசு கேட்பதில்லை.

அதற்குப் பிறகு விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இயங்குதளத்தைப் போடுங்கள். இலவசம், 8 ஜிபியில் நன்றாக ஓடும். உயர்தர ஐசிரியில் வரும் பைதன், எச்டிஎம்எல், பிஎச்பி, மைஎஸ்கியூஎல் எல்லாம் அதில் செய்யலாம், ஸூமும் இருக்கிறது. உண்மையில் ஐசிரி படிக்கும் பிள்ளைக்கு லினக்ஸ் பழகுவது பெரிய இலாபம் என்பது என் எண்ணம். இப்போதே எஸ்எஸ்டியில் விண்டோஸ், லினக்ஸ் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டுவைத்தால் மகன் மெல்ல மெல்லப் பழகிக்கொள்வார்.

வாங்குவதை எஸ்எஸ்டி, ராம் இரண்டோடு நிறுத்துங்கள். எஸ்எஸ்டியும் ராமும் வாங்கியும் 40,000இல் மிச்சம் நிற்கவேண்டும். அதில் புது மதர்போர்ட், பெரிய புரொசசர் என்று இந்தப் பெட்டிக்குள் போடாதீர்கள். டிடிஆர்3 போர்ட்டுக்கென்று வாங்கும் எதுவும் அடுத்த கொம்பியூட்டருக்கு உதவாது. எஸ்எஸ்டி மட்டும் உதவும், கழற்றி எடுத்துக்கொண்டு போகலாம். கரண்ட் போகும்போது தாங்கிப்பிடிக்கும் யூபிஎஸ் வீட்டில் இருந்து, பெட்டி நல்லதாக இருந்தும் கரண்ட் போனவுடன் கொம்பியூட்டரும் நின்றால், அதன் 12 வோல்ட் பட்டரியை மட்டும் மாற்றுங்கள். கரண்ட் திடீரென்று போய்வருவது எஸ்எஸ்டிக்கும் கூடாது. மீதியை அடுத்த கொம்பியூட்டருக்கு ஒதுக்கி வையுங்கள்.

கேள்வி: போன மாதம் பாவித்த கொம்பியூட்டர் ஒன்றை "ஐ7, நல்ல ஸ்பீட்" என்று சொல்லி விற்றார்கள். விண்டோஸ் 11 ஓடும் என்றும் சொன்னார்கள். வீட்டில் பார்த்தால் ஓடாது என்று காட்டுகிறது. கடைக்காரர் திருப்பி எடுக்கமாட்டேன் என்கிறார். துண்டில் எழுதித் தந்த விலை மட்டும்தான் என்னிடம் உள்ளது. — சாவகச்சேரி வாசகர்

பதில்: ஐ7 என்பது மட்டும் ஒன்றும் சொல்லாது. கோட்டுக்குப் பிறகு வரும் எண்ணைப் பார்க்கவேண்டும். ஐ7-2600 என்றால் இரண்டாம் தலைமுறை, 2011இல் வந்தது. ஐ5-8500 என்றால் எட்டாம் தலைமுறை. பெயரில் சிறியதாக இருந்தாலும் விண்டோஸ் 11 ஓடுவது இந்த ஐ5இல்தான். பாவித்த கொம்பியூட்டர் வாங்கும்போது கடையிலேயே ஓன் பண்ணச் சொல்லி இந்த எண்ணைக் கண்ணால் பார்த்து, அதையே பற்றுச்சீட்டில் எழுதச் சொல்லுங்கள்.

உங்கள் விஷயத்தில் நேரத்தை விடாதீர்கள். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்தின்படி, வாங்குபவர் கேட்டால் வியாபாரி பற்றுச்சீட்டு கொடுத்தேயாகவேண்டும். பொருளைப் பற்றிப் பிழையான தகவல் சொல்லி விற்பதும் அதே சட்டத்தில் குற்றம். பொருள் விற்ற நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் முறைப்பாட்டை எழுத்தில் கொடுக்கவேண்டும். முதலில் கடைக்குப் போய், திகதி, மொடல், விலை போட்ட முறையான பற்றுச்சீட்டைக் கேளுங்கள். அந்தத் துண்டையும், விண்டோஸ் 11 ஓடாது என்று காட்டும் திரையின் படத்தையும் பத்திரமாக வையுங்கள். வட்ஸ்அப்பில் கதைத்திருந்தால் அழிக்கவேண்டாம், "ஓடும்" என்று அவர்கள் எழுதியிருந்தால் அதுதான் உங்களுக்கு உள்ள பலமான சாட்சி. கடைக்காரர் அசையாவிட்டால் அதிகாரசபையின் 1977 இலக்கத்துக்கு அழைத்து, எங்கே எழுதிக் கொடுப்பது என்று கேளுங்கள்.

கேள்வி: ஒவ்வொரு நாளும் ஓன் பண்ணும்போது திகதி பல வருடம் பின்னால் போய் நிற்கிறது. இணையத்தளங்களும் 'பாதுகாப்பில்லை' என்று திறக்க மறுக்கின்றன. வைரஸா? மதர்போர்ட் பழுது என்கிறார்கள். — பருத்தித்துறை வாசகி

பதில்: அநேகமாக இரண்டும் இல்லை. மதர்போர்ட்டில் காசு மாதிரி வட்டமாக ஒரு பட்டரி இருக்கும், சிஆர்2032. பிளக் கழற்றியிருக்கும்போதும் நேரத்தைக் காத்துவைப்பது அதுதான், சில வருடங்களில் தீர்ந்துவிடும். திகதி பிழைத்தால் இணையத்தளங்களின் பாதுகாப்புச் சான்றிதழ் காலாவதியானது போல, அல்லது இன்னும் தொடங்காதது போலத் தெரியும், ஆகவே திறக்காது. மணிக்கூடு திருத்தும் கடையிலும் இந்தப் பட்டரி கிடைக்கும். எழுத்து உள்ள பக்கம் மேலே பார்க்க வைத்து, திகதியைச் சரிசெய்யுங்கள். அதற்குப் பிறகும் திகதி பின்னால் போனால் மட்டும் மதர்போர்ட்டைக் காட்டுங்கள்.