பெண் குழந்தைக்குச் சங்க காலப் பெயர் வைக்க ஆசை. யாழினி, அங்கவை, மணிமேகலை எல்லாம் அந்தக் காலத்துப் பெயர்கள்தானா?

மூன்றும் அழகான பெயர்கள். ஆனால் வயது வேறு வேறு.

யாழ் பழைய இசைக்கருவி. 'யாழினி' நம் காலத்து ஆக்கம். அதனால் குறைவில்லை, 'சங்கப் பெயர்' என்று சொல்லாமல் இருந்தால் சரி.

அங்கவை, சங்கவை பாரியின் மகள்கள் என்று பள்ளியிலேயே படிக்கிறோம். ஆனால் 'அற்றைத் திங்கள்' என்று தொடங்கும் புறநானூற்றின் 112ஆம் பாட்டைப் பாடியவர் 'பாரி மகளிர்' என்றுதான் குறிக்கப்படுகிறார். தனிப்பெயர்கள் பிற்கால வழக்கில் வந்தவை.

மணிமேகலையின் கதைதான் எனக்குப் பிடித்தது. மணிகள் கோத்த இடையணி என்பது பொருள். ஆனால் கோவலன் மகளுக்கு அதை வைத்தது நகைக்காக இல்லை. கப்பல் உடைந்து கடலில் தத்தளித்த தன் முன்னோரைக் காப்பாற்றிய கடல் தெய்வத்தின் பெயர் அது. தாய் மாதவியின் பெயரோ குருக்கத்திக் கொடியைக் குறிக்கும் வடசொல்.

உறுதியான சங்கப் பெயர் வேண்டுமென்றால் ஆதிமந்தி இருக்கிறது. குறுந்தொகை 31ஆம் பாட்டின் புலவர். 'மந்தி' என்றால் பெண்குரங்கு என்று பள்ளியில் யாராவது கேலி செய்யலாம், யோசித்துக்கொள்ளுங்கள்!

அப்புறம், கயல்விழி. கயல் மீன் போன்ற கண்ணுடையவள். மதுரை மீனாட்சியை 7ஆம் நூற்றாண்டிலேயே சம்பந்தர் 'அங்கயற்கண்ணி' என்று பாடியிருக்கிறார். பாட்டி மீனாட்சி என்றால் பேத்திக்குக் கயல்விழி கச்சிதமாகப் பொருந்தும்.