வீடியோ வாடகைக் கடையைத் தொடரலாமா, மூடலாமா?

கேள்வி: தஞ்சாவூர் பக்கம் ஒரு சிறு ஊரில் சிடி, டிவிடி வாடகைக் கடை நடத்துகிறேன். அப்பா டெக் (வீடியோ கேசட் பிளேயர்) வாடகைக்கு விட்டு ஆரம்பித்த கடை. சுமார் 3,500 டிஸ்க்குகளும் சில நூறு வீடியோ கேசட்டுகளும் இருக்கின்றன. இப்போது வருமானமெல்லாம் ரீசார்ஜிலும் ஜெராக்ஸிலும்தான். ஆன்லைனில் ஒரு படத்தை வாடகைக்குப் பார்க்க 100, 150 ரூபாய் கேட்கிறார்கள். நான் 20 ரூபாய்க்குத் தருகிறேன், ஆனாலும் யாரும் வருவதில்லை. ஏன்? டிஸ்க்கில் இருக்கும் படங்களைப் பென்டிரைவில் ஏற்றிக் கொடுத்தால் சமாளிக்க முடியுமா?

பதில்: வாடகைத் தொழிலை முடித்துக்கொள்ளுங்கள். கடையை மூட வேண்டாம். பென்டிரைவ் யோசனையை இன்றோடு விட்டுவிடுங்கள்.

விலைக் கணக்கிலிருந்து ஆரம்பிக்கலாம். அமேசான் பிரைம் வீடியோ 2022 ஏப்ரலில் இந்தியாவில் படங்களைத் தனித்தனியாக வாடகைக்கு விடத் தொடங்கியபோது ஒரு படத்துக்கு 69 ரூபாய் முதல் 499 ரூபாய் வரை விலை வைத்தது. பணம் கட்டிய 30 நாளுக்குள் பார்க்க ஆரம்பிக்க வேண்டும். ஆரம்பித்தால் 48 மணி நேரத்தில் முடித்துவிட வேண்டும். இப்படிப் பணம் கட்டிப் பார்க்கிறவர்களை உங்கள் ஊரில் விரல் விட்டு எண்ணிவிடலாம். ஆக, உங்கள் ஆட்கள் அங்கே போகவில்லை. 2016 ஜனவரியில் நெட்ஃபிளிக்ஸ் இங்கே வந்தது, செப்டம்பரில் ஜியோ வந்தது, டிசம்பரில் பிரைம் வீடியோ வந்தது. ஒரே வருடத்தில் டேட்டா மலிந்து, படமும் கூடவே வந்து சேர்ந்தது. பழைய தமிழ்ப் படங்களில் பெரும்பகுதி யூடியூபில் காசில்லாமல் கிடைக்கிறது. மாத ரீசார்ஜோடு படமும் சேர்ந்து வருகிறது என்றால் அந்தப் படத்துக்கு வீட்டுக்காரர் மனதில் விலையே கிடையாது. அந்த ரீசார்ஜைப் போட்டுக் கொடுப்பதும் நீங்கள்தான் என்பது வேறு விஷயம்.

இதைவிடப் பெரிய சிக்கல் பிளேயர். உங்கள் டிஸ்க்கை எடுத்துப் போகிறவர் அதை எதில் போட்டுப் பார்ப்பார்? லென்ஸ் போன டிவிடி பிளேயரைச் சரிசெய்யும் மெக்கானிக்குகள் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். லேப்டாப்புகளில் டிஸ்க் டிரைவே வருவதில்லை. 20 ரூபாயை 5 ரூபாயாகக் குறைத்தாலும் இது மாறப்போவதில்லை.

அப்புறம், சரக்கு. வாடகைக் கடையின் கல்லாப்பெட்டி நிறைந்ததெல்லாம் புதுப் படத்தால்தான். 2007 வாக்கில் மோசர் பேயர் நிறுவனம் விசிடியை 28 ரூபாய்க்கும் டிவிடியை 34 ரூபாய்க்கும் விற்க ஆரம்பித்தபோதே வாடகைக்கு எடுக்கும் அவசியம் பாதி போய்விட்டது. 2015-ல் இயக்குநர் சேரன் தன் படத்தை நேரடியாக டிவிடியில் வீடு வீடாகக் கொண்டுபோக முயன்றார். அந்த வழி நிலைக்கவில்லை. மோசர் பேயரையே கலைக்கச் சொல்லி 2018-ல் உத்தரவாகிவிட்டது. இன்று ஒரு தமிழ்ப் படம் தியேட்டரிலிருந்து சில வாரங்களில் ஓடிடிக்குப் போகிறது. டிஸ்க்காக வருவதே அபூர்வம். வாடகைக்கு விடச் சரக்கு வராத கடையில் விலையைப் பற்றிப் பேசி என்ன பயன்?

அமெரிக்காவில் இதே தொழில் எப்படி முடிந்தது என்பதையும் பார்த்துவிடுவோம். நெட்ஃபிளிக்ஸ் வந்தது, பிளாக்பஸ்டர் செத்தது என்று ஒரு வரியில் சொல்வார்கள். எனக்கு அந்தக் கதை போதவில்லை. 1985-ல் டல்லஸில் ஒரு கடையாக ஆரம்பித்த பிளாக்பஸ்டர், 2004-ல் 9,000 கடைகளைத் தாண்டியிருந்தது. 1990-களின் பிற்பகுதி வரை ஒரு புதுப் பட கேசட்டுக்கு ஸ்டூடியோக்களிடம் 65 டாலர் அளவில் கொடுத்து வாங்கிக்கொண்டிருந்தார்கள். அதை மாற்றி, முன்பணம் கொஞ்சம், வாடகையில் சுமார் 40 சதவீதம் ஸ்டூடியோவுக்கு என்று ஒப்பந்தம் போட்டார்கள். ஒரே புதுப் படத்தின் பிரதிகள் அலமாரி முழுக்க நின்றது அதனால்தான். வெள்ளிக்கிழமை இரவு வருகிறவர் ‘படம் வெளியே போயிருக்கு’ என்ற பதிலைக் கேட்டுத் திரும்ப வேண்டியதில்லை. இன்னொரு வருமானம், தாமதக் கட்டணம். 2000-ம் ஆண்டில் மட்டும் இதில் சுமார் 80 கோடி டாலர் வந்தது. படத்தைத் திருப்பிக் கொடுக்க மறந்தவர்களால் வாழ்ந்த தொழில் என்றுகூடச் சொல்லலாம்.

டிஜிட்டல் வாடகை இந்த இரண்டையும் குறிவைத்து வந்தது போல வந்தது. 2008 ஜனவரியில் ஆப்பிள் தன் ஐடியூன்ஸ் இணையக் கடையில் வாடகையை அறிவித்தபோது புதுப் படத்துக்கு 3.99 டாலர், பார்க்க ஆரம்பித்தால் 24 மணி நேரம். நேரம் முடிந்ததும் கோப்பு தானாகவே செயலிழந்துவிடும். திருப்பிக் கொடுக்கும் வேலையும் இல்லை, தாமதக் கட்டணமும் இல்லை. ஆனாலும் ஸ்டூடியோக்கள் அப்போது கடைகளுக்கு ஒரு சலுகை வைத்திருந்தன: டிவிடி வெளியாகி 30 நாள் கழித்துத்தான் படம் ஐடியூன்ஸுக்கு வரும். அந்த ஒரு மாதம்தான் கடைகளின் உயிர். அது சுருங்கச் சுருங்கக் கடையும் சுருங்கியது. 2010 செப்டம்பரில் பிளாக்பஸ்டர் திவால் மனு போட்டது.

‘விலையில் ஜெயிக்கிறேனே’ என்றீர்கள். அமெரிக்காவில் விலையில் ஜெயித்தவர்களும் உண்டு. ரெட்பாக்ஸ் என்ற நிறுவனம் சூப்பர் மார்க்கெட் வாசலில் தானியங்கிப் பெட்டி வைத்து, ஒரு இரவுக்கு ஒரு டாலர் என்று டிஸ்க்கை வாடகைக்கு விட்டது. 2009-ல் மூன்று பெரிய ஸ்டூடியோக்கள் அதற்குப் புதுப் படங்கள் போகாமல் தடுத்தன. உடனே ரெட்பாக்ஸ் ஆட்கள் வால்மார்ட் போன்ற கடைகளுக்குப் போய் அலமாரியிலிருந்தே டிஸ்க்குகளை வாங்கிவந்து வாடகைக்கு விட்டார்கள்! அந்த நாட்டுச் சட்டப்படி, காசு கொடுத்து வாங்கிய அசல் டிஸ்க்கை வாடகைக்கு விடத் தடையில்லை. வீட்டில் பிளேயர் இருந்தவரை அந்த ஒரு டாலர் பலித்தது. 2024 ஜூனில் ரெட்பாக்ஸின் தாய் நிறுவனமும் திவால் மனு போட்டது. அதற்கு முன்பே, 520 கோடிக்கும் மேற்பட்ட டிஸ்க்குகளைத் தபாலில் அனுப்பியிருந்த நெட்ஃபிளிக்ஸ், 2023 செப்டம்பர் 29-ம் தேதியோடு அந்தச் சேவையை நிறுத்திவிட்டது.

மிஞ்சிய கடைகளும் இருக்கின்றன. சியாட்டிலின் ஸ்கேர்குரோ வீடியோ 2014-ல் லாப நோக்கமற்ற அமைப்பாக மாறியது. அதனிடம் 1,40,000-க்கும் மேற்பட்ட படங்கள் உள்ளன. போர்ட்லாந்தின் மூவி மேட்னஸ் கடையை 2017-ல் ஒரு தியேட்டர் அமைப்பு பொதுமக்களிடம் நிதி திரட்டி எடுத்துக்கொண்டது. எந்த ஓடிடியிலும் கிடைக்காத படங்களைத் தேடி வருகிற ஊர் அவர்களுக்குப் பின்னால் இருக்கிறது. நன்கொடையும் வருகிறது. உங்கள் 3,500 டிஸ்க்கை வைத்து அதைச் செய்யலாம் என்று நான் சொன்னால் அது உங்களுக்கு நல்லது செய்வதாகாது.

இப்போது சட்டம். ரெட்பாக்ஸ் செய்ததை நம் நாட்டில் செய்ய முடியாது. நம் பதிப்புரிமைச் சட்டத்தின் 14-ம் பிரிவுப்படி ஒரு திரைப்படப் பிரதியை வணிக ரீதியாக வாடகைக்கு விடும் உரிமை படத்தின் உரிமையாளருடையது. நீங்கள் டிஸ்க்கை அசலாகவே வாங்கியிருந்தாலும் வாடகை உரிமை அதோடு வந்துவிடாது. அமெரிக்காவில் வாங்கிய அசல் டிவிடிகளை வாடகைக்கு விட்ட டெல்லிக் கடைக்காரர் ஒருவர் மீது வார்னர் பிரதர்ஸ் வழக்குப் போட, 2009-ல் டெல்லி உயர் நீதிமன்றம் வார்னர் பக்கம்தான் தீர்ப்புச் சொன்னது. வாடகை உரிமையோடு வாங்கியதற்கான பில் உங்களிடம் இருந்தால் அந்த டிஸ்க்குகள் மட்டும் விதிவிலக்கு. இவ்வளவு நாள் யாரும் கேட்கவில்லை என்பது உண்மைதான். நஷ்டத்தில் ஓடும் ஒரு வேலைக்காக இந்த ஆபத்தைச் சுமக்க வேண்டுமா என்று யோசியுங்கள்.

பென்டிரைவில் ஏற்றிக் கொடுப்பது இதைவிட மோசம். அது நகலெடுத்து விற்பது. 63-ம் பிரிவில் குறைந்தது ஆறு மாதம், அதிகபட்சம் மூன்று வருடம் சிறை; அபராதம் 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை. தமிழ்நாட்டில் 2004-லிருந்து வீடியோ திருட்டு குண்டர் சட்டத்துக்குள்ளும் வருகிறது. கடையில் எப்போதோ யாரோ நகலெடுத்துக் கொடுத்த டிஸ்க்குகள் கலந்து கிடந்தால் முதலில் அவற்றைப் பொறுக்கி உடைத்துப் போடுங்கள். ஓடிடி கணக்கு ஒன்று எடுத்து, கடையில் டிவி வைத்து ஆளுக்குப் பத்து ரூபாய் வாங்கலாம் என்று யாராவது சொன்னால் அதையும் கேட்காதீர்கள். அந்தக் கணக்கு வீட்டில் பார்க்க மட்டும்தான்.

சரி, என்னதான் செய்வது? உங்கள் கடையில் இன்று மதிப்புள்ள பொருள் அப்பாவின் டெக். அதற்கு அடுத்தது மெம்பர் நோட்டு. 1980-களின் நடுவிலிருந்து 2000-களின் தொடக்கம் வரை நடந்த கல்யாணம், காதுகுத்து, சடங்கு எல்லாம் கேசட்டில் இருக்கின்றன. பீரோ மேல்தட்டில் கிடக்கின்றன. போட்டுப் பார்க்க ஆளிடம் டெக் இல்லை. டெக் தயாரித்துவந்த கடைசிப் பெரிய கம்பெனியான ஃபுனாய் 2016 ஜூலையில் உற்பத்தியை நிறுத்திவிட்டது. எந்த வீட்டில் எந்த வருடம் கல்யாணம் நடந்தது என்பது அந்த நோட்டையும் உங்கள் ஞாபகத்தையும் வைத்தே உங்களுக்குத் தெரியும். அந்த கேசட்டுகளை டெக்கில் ஓட்டி, கணினிக் கோப்பாக மாற்றிக் கொடுங்கள். இந்த வேலைக்கு எந்த ஆன்லைன் கம்பெனியும் உங்கள் தெருவுக்கு வரப்போவதில்லை.

உரிமைச் சிக்கலும் இதில் குறைவு. காசு கொடுத்து எடுக்கச் சொன்ன வீடியோவுக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், எடுக்கச் சொன்னவரே முதல் உரிமையாளர் என்று பதிப்புரிமைச் சட்டத்தின் 17-ம் பிரிவு சொல்கிறது. ஒரே ஒரு எச்சரிக்கை: நம் கல்யாண கேசட்டுகளில் பெண் வாசலில் நின்றாலும் சினிமாப் பாட்டு, சாப்பாட்டுப் பந்தியிலும் சினிமாப் பாட்டு. வீட்டில் பார்க்கலாம், யூடியூபில் ஏற்றினால் பாட்டுக் கம்பெனி உரிமை கோரும். வாடிக்கையாளரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

வேலையைப் பொறுத்தவரை, கேசட்டை வாங்கியதும் அதன் ஜன்னல் வழியாக டேப்பின் விளிம்பைப் பாருங்கள். வெள்ளையாகப் பூஞ்சை படிந்திருந்தால் நல்ல டெக்கில் போடாதீர்கள். பூஞ்சை, டேப்பைப் படிக்கும் ஹெட்டில் ஒட்டி அடுத்த கேசட்டுக்கும் பரவும். அப்படிப்பட்டவற்றைச் சுத்தம் செய்து ஓட்ட ஒரு பழைய டெக்கைத் தனியாக ஒதுக்குங்கள். ஹெட்டைத் துடைக்கக் காதுக்குச்சிப் பஞ்சு வேண்டாம். இழை மாட்டி ஹெட் உடைந்துவிடும். ஐஸோபுரோபைல் ஆல்கஹாலில் நனைத்த மெல்லிய தோலை அசைக்காமல் பிடித்துக்கொண்டு ஹெட் பொருத்திய டிரம்மை மெதுவாகச் சுழற்றுங்கள். வருடக்கணக்கில் ஓடாத டேப்பை முதலில் ஒருமுறை முழுக்க முன்னால் ஓட்டி, பின்னால் சுற்றி எடுத்தபிறகே பதிவு செய்ய வேண்டும். டிராக்கிங்கை (படம் கோடு விழாமல் வரச் செய்யும் அமைப்பை) ஒவ்வொரு கேசட்டுக்கும் தனித்தனியாகச் சரிசெய்யுங்கள்.

டெக்கிலிருந்து வரும் படத்தைக் கணினியில் பதியும் கேப்சர் கார்டில் 720-க்கு 576 அளவு, நொடிக்கு 25 பிரேம் என்று வைக்கவும். அதுதான் நம் ஊர் கேசட்டின் இயல்பான அளவு. ஹெச்டி என்று சொல்லி ஊதிப் பெருக்கினால் முகம் மெழுகு போல வழியும். DV என்ற வீடியோ கோப்பு வடிவில் பதிந்தால் மணிக்குச் சுமார் 13 ஜிபி ஆகும், அதாவது மூன்று மணி நேர கேசட் கிட்டத்தட்ட 40 ஜிபி. வாடிக்கையாளருக்குச் சிறிய எம்பி4 கோப்பைக் கொடுங்கள். பெரிய கோப்பு வேண்டுமா என்று கேட்டு, வேண்டுமென்றால் ஹார்ட் டிஸ்க்கில் தனியாகக் கொடுங்கள். கேசட்டைக் கட்டாயம் திருப்பிக் கொடுங்கள், தூக்கிப் போட வேண்டாம் என்றும் சொல்லுங்கள். கட்டணம் கேசட்டுக்கு இவ்வளவு என்று வைக்காமல் ஓடும் நேரத்துக்கு என்று வைத்தால் உங்களுக்கு நஷ்டம் வராது, ஏனென்றால் மூன்று மணி நேர கேசட்டைப் பதிய மூன்று மணி நேரம் ஆகியே தீரும். இந்த வேலையும் சாகும்வரை சோறு போடாது. ஊரில் உள்ள கேசட்டுகள் தீரும்வரை, அதாவது சில வருடங்கள். அதற்குள் ஜெராக்ஸோடு ஆன்லைன் விண்ணப்பம், போட்டோ பிரிண்ட் என்று கடையை நகர்த்திக்கொள்ளலாம்.

டிஸ்க்குகளை மொத்தமாகக் காயலான் கடைக்குப் போடாதீர்கள். ஒவ்வொரு படத்தையும் ஓடிடியிலும் யூடியூபிலும் தேடிப் பாருங்கள். எங்கும் இல்லாதவை, ஐங்கரன், பிரமிட் போன்றவர்கள் வெளியிட்ட ஆங்கில சப்டைட்டில் உள்ள அசல் டிவிடிகள், அட்டையோடு நல்ல நிலையில் இருப்பவை என்று தனியாக வையுங்கள். இவற்றைத் தேடும் சேகரிப்பாளர்கள் இருக்கிறார்கள். பதிப்புரிமைச் சட்டத்தின் 2012 திருத்தத்துக்குப் பிறகு பயன்படுத்திய அசல் டிஸ்க்கை விற்பதற்கு முன்பிருந்த இடைஞ்சல் குறைந்திருக்கிறது. மீதியில் நல்ல படங்களைப் பக்கத்துக் கல்லூரியின் விஸ்காம் துறைக்குக் கொடுக்கலாம். லாப நோக்கமற்ற நூலகமோ கல்வி நிறுவனமோ முறையாகப் பெற்ற பிரதியை லாபமில்லாமல் இரவல் கொடுப்பது சட்டத்தின் பார்வையில் வணிக வாடகை ஆகாது. அங்கே அவை சட்டப்படியே கைமாறும்.

மெம்பர் நோட்டை எடுக்கும்போது அட்வான்ஸ் கொடுத்தவர்கள் பட்டியலையும் எடுத்து, அந்தப் பணத்தைத் திருப்பிக் கொடுக்க ஆரம்பியுங்கள். நேரில் கொண்டுபோய்க் கொடுங்கள். கொடுக்கும்போதே வீட்டில் பழைய கல்யாண கேசட் இருக்கிறதா என்று கேட்டுவிடுங்கள்.