கரண்ட் போய் வந்தால் எஸ்டிஎம்32 மைக்ரோகன்ட்ரோலர் சிப்பின் கடிகாரம் 2000 ஜனவரி 1-க்குப் போய்விடுகிறது. எந்த ரிஜிஸ்டரைப் பார்ப்பது?

ஏற்காட்டுக் காப்பித் தோட்டத்தில் வைத்த லாகர் (அளவுகளைப் பதியும் கருவி), சிப் எஸ்டிஎம்32எஃப்411, விபேட் காலில் (கரண்ட் இல்லாதபோது கடிகாரத்தை ஓட்டும் கால்) பட்டன் செல் இருக்கிறது, சேலத்தில் மேசை மேல் நன்றாகத்தான் ஓடியது என்கிறீர்கள். மேசை மேல் யாரும் கரண்டைப் பிடுங்கவில்லை, அவ்வளவுதான்.

பெரும்பாலும் செல் மேல் தப்பிருக்காது. க்யூப்எம்எக்ஸ் மென்பொருள் எழுதித் தரும் ஆர்டிசி இனிட் (கடிகாரத்தைத் தொடங்கும் கோடு), போர்டு உயிர் பெறும் ஒவ்வொரு முறையும் நேரத்தைப் புதிதாக எழுதிவிடும். அதற்கு முன்னால் ஐஎஸ்ஆர் ரிஜிஸ்டரில் ஐஎன்ஐடிஎஸ் பிட்டைப் பாருங்கள். வருடம் பூஜ்யமாக இல்லாவிட்டால் அது 1. அப்படியிருந்தால் நேரத்தைத் தொடாமல் வெளியே வந்துவிட வேண்டும்.

அது 0 என்றால் மட்டும் முழு வேலை: பவர் பிளாக்குக்கு கிளாக் கொடுத்து டிபிபி பிட்டை ஏற்றுங்கள், இல்லாவிட்டால் பேக்கப் பகுதியில் (செல்லில் ஓடும் பகுதி) எதுவும் பதியாது. எல்எஸ்இ-யை (வெளிக் கிரிஸ்டலில் ஓடும் ஆசிலேட்டர்) ஓட்டி ரெடி ஆகும்வரை காத்திருந்து, பிடிசிஆர் ரிஜிஸ்டரில் ஆர்டிசிசெல் 01 வைத்து (கடிகாரத்துக்கு எல்எஸ்இ என்று பொருள்), ஆர்டிசிஇஎன் போடுங்கள். டபிள்யூபிஆரில் ஹெக்ஸில் சிஏ, அடுத்து 53 எழுதினால் பூட்டு திறக்கும். இனிட் பிட் வைத்து, இனிட்எஃப் வந்ததும் பிரீஸ்கேலரில் (துடிப்பை வகுக்கும் ரிஜிஸ்டர்) முதலில் சிங்க்ரனஸ் பகுதிக்கு 255, அப்புறம் அசிங்க்ரனஸ் பகுதிக்கு 127, இரண்டையும் தனித்தனியாக எழுதுங்கள். எழுதியதைவிட ஒன்று கூடுதலாக வகுக்கும்: 256 × 128 = 32768, அதாவது விநாடிக்கு ஒரு துடிப்பு. நேரமும் தேதியும் பிசிடி-யில் (ஒவ்வொரு இலக்கமும் தனித்தனியாக) போக வேண்டும்: 45 நிமிடம் என்றால் ஹெக்ஸ் 45. கடைசியில் இனிட் பிட்டை இறக்குங்கள்.

ஆர்டிசிசெல் ஒரு பிடிவாதக்காரன். ஒரு தடவை எல்எஸ்ஐ (சிப்புக்குள்ளேயே இருக்கும் ஆசிலேட்டர்) என்று வைத்துவிட்டால், பிடிஆர்எஸ்டி கொடுத்து பேக்கப் பகுதியையே அழிக்காமல் மாற்ற முடியாது. எல்எஸ்ஐ செல்லில் ஓடவும் ஓடாது. ஆகவே 2000-க்குப் போகாமல், கரண்ட் போன நிமிடத்திலேயே கடிகாரம் நின்றிருந்தால் காரணம் இதுதான்.

இதையெல்லாம் சரிசெய்த பிறகு மாதத்துக்குச் சில விநாடி பின்தங்கினால் அது கிரிஸ்டலின் குணம். 32.768 கிலோஹெர்ட்ஸ் கிரிஸ்டல் 25 டிகிரியில்தான் வேகமாக ஓடும். ஏறினாலும் இறங்கினாலும் மெதுவாகும். ஏற்காட்டின் 10 டிகிரி இரவும் சேலத்தின் 40 டிகிரி மதியமும் அதற்கு ஒன்றுதான், இரண்டிலும் சுமார் 8 பிபிஎம் (பத்து லட்சத்தில் 8 பங்கு) இழப்பு. ஒரு மாதம் கைபேசி நேரத்தோடு ஒப்பிடுங்கள், 2.6 விநாடி பின்தங்கினால் 1 பிபிஎம். 8 பிபிஎம் கூட்ட, வேகத்தைத் திருத்தும் சிஏஎல்ஆர் ரிஜிஸ்டரில் சிஏஎல்பி 1, சிஏஎல்எம் 504.

இவ்வளவு கணக்குப் போடப் பொறுமை இல்லையென்றால் டிஎஸ்3231 என்ற தனிக் கடிகார மாட்யூல் போடுங்கள், வெப்பத்துக்கு ஏற்பத் தானே திருத்திக்கொள்ளும். மலிவான மாட்யூல்களில் செல்லை சார்ஜ் செய்ய ஒரு டையோடு இருக்கும். சிஆர்2032 சார்ஜ் ஏற்றும் வகை இல்லை என்பதால் அந்த டையோடைக் கழற்றிவிட்டு மாட்டுங்கள்.