கேட்டதும் பதிலும்: பேட்டரி வண்டிக்கு ஆர்.சி. வேண்டுமா?

பக்கவாதத்தில் அப்பாவுக்கு இடது பக்கம் விழுந்துவிட்டது. அவருக்காக பேட்டரி மூன்று சக்கர வண்டி வாங்கினோம். காரைக்குடி செக்காலை ரோட்டில் நிறுத்தி ஆர்.சி., லைசென்ஸ் கேட்கிறார்கள். 250 வாட் வண்டிக்கு இதெல்லாம் உண்டா?
– வாசகி, கோட்டையூர்

உங்கள் கேள்வியிலேயே சிக்கல் இருக்கிறது: அந்த 250 என்ற எண். மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-இல் விதி 2(யூ) சொல்வது, மோட்டாரின் 30 நிமிட சக்தி 0.25 கிலோவாட்டுக்கு (250 வாட்) குறைவாகவும், அதிகபட்ச வேகம் மணிக்கு 25 கி.மீ.க்குக் குறைவாகவும் இருந்தால் அது மோட்டார் வாகனமே அல்ல என்று. அப்போது பதிவு, லைசென்ஸ், இன்சூரன்ஸ் எதுவும் கட்டாயமில்லை. ஆனால் பேட்டரி நீங்கலாக வண்டியின் எடை 60 கிலோவுக்கு மேல் போகக் கூடாது. பிரேக் சரியாக இருக்க வேண்டும். முன்னால் வெள்ளை, பின்னால் சிவப்பு ரிஃப்ளெக்டர் ஒவ்வொன்று இருக்க வேண்டும்.

‘குறைவாக’ என்றால் சரியாக 250 வாட் உள்ளே வராது. ஆனால் ஸ்டிக்கரில் போட்டிருப்பது பல சமயம் விற்பனைக்கான எண். கணக்கில் வருவது அரை மணி நேரம் தொடர்ந்து ஓட்டிச் சோதித்த சக்தி. அதனால் கம்பெனியிடம் சோதனைச் சான்றிதழின் நகலைக் கேட்டு வாங்கி, லேமினேட் செய்து வண்டியிலேயே வையுங்கள். நிறுத்துகிறவரிடம் வாயால் சட்டம் பேசுவதைவிட அந்தத் தாளைக் காட்டுவது மேல்.

இன்னொன்று. வேகம் போதவில்லை என்றால் சில கடைகளில் கன்ட்ரோலரில் வேகத்தைக் கட்டுப்படுத்தும் ஒயரைக் கழற்றிவிட்டுத் தருவார்கள். இரண்டு நிமிட வேலைதான். வண்டி 25-ஐத் தொட்ட அன்றே அது மோட்டார் வாகனமாகிவிடும். பதிவில்லாமல் ஓட்டினால் முதல் தடவை 5,000 ரூபாய் வரை அபராதம்; லைசென்ஸ் இல்லாததற்கு இன்னொரு 5,000.

நான் மாற்றுத்திறனாளி. என் ஸ்கூட்டரைப் பட்டறையில் கொடுத்து, பின்னால் இரண்டு பக்கமும் சக்கரம் போட்டேன். ஆர்.சி.யில் இன்னும் ஏற்றவில்லை. தப்பா?
– வாசகர், தேவகோட்டை

சக்கரம் போட்டது தப்பில்லை, ஆர்.சி.யில் ஏற்றாமல் விட்டதுதான் தப்பு. 2019 திருத்தத்துக்குப் பின், மாற்றுத்திறனாளிக்காக வண்டியை மாற்றியமைத்துவிட்டு, பிறகு ஆர்.டி.ஓ. ஒப்புதல் பெற மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவே இடம் கொடுக்கிறது. அந்த ஒப்புதல் இல்லாவிட்டால் அது வெறும் வண்டி மாற்றம். பிரிவு 182ஏ-யில் ஒரு மாற்றத்துக்கு 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, இரண்டும்கூட விதிக்கலாம்.

மத்திய அரசின் பரிவாகன் போக்குவரத்து இணையதளத்தில் ‘வாகன மாற்றம்’ விண்ணப்பம் போட்டு, யூ.டி.ஐ.டி. (மாற்றுத்திறனாளி அடையாள) அட்டை, ஆர்.சி., இன்சூரன்ஸ், பட்டறை பில் எல்லாவற்றோடும் வண்டியைக் கொண்டுபோய்க் காட்டுங்கள். கடன் பாக்கி இருந்தால் ஃபைனான்ஸ்காரரின் ஆட்சேபணை இல்லை கடிதமும் வேண்டும். உரிமையாளர் வகையில் ‘திவ்யாங்ஜன்’ (மாற்றுத்திறனாளி) என்று பதியச் சொல்லுங்கள். 2020-இலிருந்து பதிவு விண்ணப்பத்தில் அதற்குத் தனி இடம் உண்டு. ஆர்.சி.யில் ஏறிய பிறகு இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் எழுதிவிடுங்கள். ஐ.எம்.டி. (இந்திய மோட்டார் காப்பீட்டுக் கட்டண விதித்தொகுப்பு) 12 விதிப்படி சொந்தச் சேத பிரீமியத்தில் 50 சதவீதத் தள்ளுபடி கேட்கலாம். சொல்லாமல் விட்டால் விபத்தன்று அதையே காரணம் காட்டி க்ளெய்மை மறுப்பார்கள்.

போவதற்கு முன் வண்டியைச் சுற்றி ஒரு தரம் பாருங்கள். பக்கச் சக்கரம் நம்பர் பிளேட்டையோ இண்டிகேட்டரையோ மறைக்கிறதா? சக்கரச் சட்டத்தை ஸ்பிரிங் இல்லாமல் நேராக வெல்டு வைத்திருந்தால், பள்ளத்தில் இரண்டு பக்கச் சக்கரமும் மேட்டில் நிற்க, நடுச்சக்கரம் அந்தரத்தில் சுற்றும். இழுப்பதும் அதுதான், பின் பிரேக் இருப்பதும் அதில்தான். ஆகவே வண்டி நகரவும் நகராது, நிற்கவும் நிற்காது. கண்மாய்க்கரை மண்பாதையில் போகிறவர்களுக்கு இது அடிக்கடி நேரும். வளைவிலும் கவனம் வேண்டும்: சாதா ஸ்கூட்டர் மாதிரி இது உள்பக்கம் சாயாது, வேகமாகத் திருப்பினால் வெளிப்பக்கம் கவிழும்.

மாற்றுத்திறனாளியான என் அண்ணனின் பக்கச் சக்கரம் போட்ட ஸ்கூட்டரை நான் பிள்ளையார்பட்டி போய்வர எடுக்கலாமா?
– வாசகர், பள்ளத்தூர்

அண்ணனைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு போகலாம், உங்களிடம் அதற்கு ஏற்ற லைசென்ஸ் இருந்தால். தனியாக வேண்டாம். மாற்றுத்திறனாளி ‘மட்டுமே, அல்லது அவருக்காக மட்டுமே’ பயன்படுத்தும் வண்டி என்பதுதான் அதற்குச் சட்டம் தரும் இலக்கணம். அதேபோல, மாற்றியமைத்த வண்டிக்கென்று அண்ணன் எடுத்த லைசென்ஸில் அவர் உங்கள் சாதா பைக்கை ஓட்டக் கூடாது.